காலில் விளைந்த கடுகு: மண்பூஞ்சையின் ஜீனோமைப் படிக்க வருகிறவர்களுக்கு

என் மாமா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு தோட்டத்தில், விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாற்பது வருடம் மரத்துக்கு மரம் நடந்தவர். மழை ஈரத்தில் சரிவு வழுக்கும் என்று செருப்பைக் கழற்றித் தோட்டத்து வாசலிலேயே போட்டுவிடுவார். ஒருநாள் வலது பாதத்தில் முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனார். பிறகு அந்த இடத்தில் வலியே இல்லாத ஒரு கட்டி எழும்பியது. ஆணிக்கால் என்று சொல்லி ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுத்தார்கள். மூன்றாம் வருடம் பாதத்தில் சிறுசிறு துளைகள் விழுந்து, சீழோடு கறுப்பாக மணிமணியாக ஏதோ வெளியே வந்தது. "காலில் கடுகு விளைகிறது பார், இனி அஞ்சறைப்பெட்டிக்கு வாங்க வேண்டாம்" என்று மாமா என்னிடம் காட்டிச் சிரித்தார்.

அப்போது நான் ஒரு மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். கடுகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஓய்வுபெற்றுத் திருவட்டாரில் இருக்கிறேன். போன ஆடி மாதம் அந்த மாமாவின் மகள்வழிப் பேத்தி மடிக்கணினியோடு வந்து நின்றாள். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. "அத்தை, தாத்தாவுக்கு வந்த பூஞ்சையின் ஜீனோம்தான் என் ஆய்வேடு. எங்கிருந்து தொடங்க?" என்றாள். ஜீனோம் என்றால் ஓர் உயிரின் டி.என்.ஏ. எழுத்துகள் மொத்தமும். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் நான் செய்த தவறுகளின் பட்டியல் என்றும் இதைச் சொல்லலாம்.

முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

இந்த நோய்க்கு உலகம் வைத்த பெயர் நம் பக்கத்து ஊருடையது. 1842இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 'மதுரைப் பாதம்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இதற்குக் காரணம் பூஞ்சை என்று 1860இல் காட்டி 'மைசெட்டோமா' என்று பெயரிட்டவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016இல். நடுவில் போன ஒன்றரை நூற்றாண்டில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதங்களை யாரும் அவசரமாகப் பார்க்கவில்லை.

ஒரே மாதிரி வீங்கும், ஒரே மாதிரி துளைவிடும் பாதத்துக்குள் முற்றிலும் வேறான இரண்டு கூட்டங்கள் இருக்கலாம். ஒன்று பூஞ்சை. மற்றொன்று நொகார்டியா, ஆக்டினோமதுரா போன்ற, இழையாக வளரும் பாக்டீரியா. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கேட்கும். பூஞ்சை என்றால் இட்ராகொனசோல் மாதிரியான மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வேண்டும், கூடவே கத்தியும் வேண்டும். மணியின் நிறம் ஓரளவு வழிகாட்டும். கறுப்பு மணி என்றால் பூஞ்சை. சிவப்பு மணி என்றால் பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் ஏமாற்றுக்காரர்கள், எந்தப் பக்கமும் சாய்வார்கள்.

பூஞ்சை என்று தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கறுப்பு மணியில் முதலிடம் மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் என்ற பூஞ்சைக்கு. ஆய்வகத்து வளர்ப்புத் தட்டில் வளர்த்துப் பார்த்து நாங்கள் 'மதுரெல்லா' என்று எழுதிக்கொடுத்துவிடுவோம். ஆனால் 2012இல் டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டபோது, அந்த ஒரே பெயரின் கீழ் பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரியவந்தது. அவற்றில் ஃபஹாலி என்ற இனத்துக்கு இட்ராகொனசோல் சரியாக வேலை செய்வதில்லை. தட்டில் அண்ணன் தம்பி போல இருப்பார்கள். ஒருவன் மருந்துக்கு அடங்குவான், மற்றவன் அடங்கமாட்டான். ஜீனோம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பதில் இதுதான்.

காலிலிருந்து குப்பிக்கு

எல்லாப் புத்தகங்களும் அவசரமாகத் தாண்டிப்போகிற பகுதி இது. கணினியில் நடக்கும் எந்தத் தவறையும் திருத்திவிடலாம். ஃபார்மலினில் விழுந்ததைத் திருத்த முடியாது.

அறுவை அரங்கில் எடுத்த திசுவைப் பழக்கதோஷத்தில் முழுவதையும் ஃபார்மலின் குப்பியில் போட்டுவிடுவார்கள். நோய்க்கூறு ஆய்வுக்கு அது சரி. ஆனால் பூஞ்சை அதில் செத்துவிடும், டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். மாமாவின் முதல் பயாப்ஸி அப்படித்தான் போனது. அதனால் அறுவைக்கு முதல் நாளே நேரில் போய், இரண்டு குப்பிகளைக் கையில் கொடுத்து, 'ஒரு பாதி இந்தச் சலைனில்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். தொலைபேசியில் சொன்னால் பணி மாறும்போது மறந்துவிடும்.

துளையின் வாயைப் பஞ்சால் துடைத்து அனுப்பாதீர்கள். அதில் வளர்வது பெரும்பாலும் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாதான். வேண்டியது மணி. கிருமிநீக்கிய சலைனில் மணிகளைப் போட்டு, குலுக்கி, நீரை மாற்றி, குறைந்தது ஐந்தாறு முறை கழுவ வேண்டும். அரிசி களைவது போலத்தான். கழுநீர் தெளியும் வரை. கழுவிய மணிகளில் சிலவற்றைத் தட்டில் வையுங்கள், சிலவற்றை அப்படியே மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். இந்த இரண்டாவது பங்கு எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வரும்.

ஒப்புதல் தாள் இல்லாமல் ஒரு மணியைக்கூடத் தொடாதீர்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மாமா திருவிதாங்கூர்க் காலத்தில் பள்ளிக்குப் போனவர் என்பதால் ஒப்புதல் தாளில் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டார். 'மிச்சத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம்' என்ற வரிக்கு நேரே தனியாக இன்னொரு கையெழுத்து வாங்கினோம். அந்த இரண்டாவது கையெழுத்து இருந்ததால்தான், அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, பேத்தியால் துறையின் வழியாக விண்ணப்பித்து அந்தக் குப்பியைப் பெற முடிந்தது.

மண் எடுப்பது

பூஞ்சை காலுக்கு வந்தது மண்ணிலிருந்து. சூடானில் மண்ணிலும் முள்ளிலும் மதுரெல்லாவின் டி.என்.ஏ.வைக் கண்டிருக்கிறார்கள், ஆனால் அதே மண்ணிலிருந்து பூஞ்சையை வளர்த்தெடுக்க முடியவில்லை. எனவே நீங்களும் மண்ணிலிருந்து உயிருள்ள மதுரெல்லாவைப் பிடித்துவிடுவேன் என்று கிளம்ப வேண்டாம். தேடுவது அதன் எழுத்துகளைத்தான்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு மணி நேர பஸ் பயணத்தில் நான்கைந்து வகை மண்ணை மிதித்துவிடலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் நிற்கும் செம்மண், ஏலாக்களில் நெல்லுக்குக் கலக்கிய சேறு, விளைகளில் தென்னையும் வாழையும் மரச்சீனியும் கலந்து நிற்கும் மண், மணவாளக்குறிச்சிப் பக்கம் கறுப்பு மினுக்கும் கடற்கரை மணல். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுங்கள். ஓர் இடத்தில் ஐந்து புள்ளிகள், மேல்சருகை விலக்கிவிட்டு ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வரை, எல்லாவற்றையும் கலந்து ஒரு கைப்பிடி. கரண்டியை இடத்துக்கு இடம் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். காய்ந்த மண்ணைக் கிளறும்போது என்95 முகக்கவசம் கட்டாயம், கையுறையும் கட்டாயம். டி.என்.ஏ.வுக்கு எடுத்த பொட்டலம் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகட்டும்.

பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். ஒருமுறை நான் அழகான நீல மைப் பேனாவால் எழுதி, பெட்டியில் ஸ்பிரிட் கொட்டி, பதினான்கு பொட்டலங்கள் பெயரில்லாமல் போயின. எந்த மண் எந்த விளை என்று முகர்ந்து பார்த்தா சொல்ல முடியும்? அத்தனையும் குப்பைக்குப் போனது.

பொட்டலத்தைவிட முக்கியம் நோட்டுப்புத்தகம். என்றைக்கு எடுத்தீர்கள், மழைக்கு எத்தனை நாள் கழித்து, என்ன பயிர், நெல்லென்றால் கன்னிப்பூப் பருவமா கும்பப்பூப் பருவமா, கால்நடை கட்டும் இடமா, அந்த மண்ணில் வேலை செய்கிறவர் செருப்புப் போடுவாரா, என்ன மருந்து தெளித்தார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வாழையில் இலைப்புள்ளி நோய்க்குப் புரோபிகொனசோல் அடிப்பார்கள். அது அசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் குடும்பம். நோயாளிக்குக் கொடுக்கும் இட்ராகொனசோலும் வோரிகொனசோலும் அதே குடும்பம். அசோல் தெளித்த மண்ணில் பிழைக்கப் பழகிய பூஞ்சை பிறகு ஒருவரின் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பது கீழே வரும் பயிற்சியில் தெரியும். டப்பாவின் பெயர்ச்சீட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 'ஏதோ வெள்ளை மருந்து' என்று விவசாயி சொல்வதை வைத்து ஒன்றும் எழுத முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். மண் பூஞ்சையை வீட்டில் வளர்க்காதீர்கள். பாட்டி வைத்திருக்கும் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் சமாச்சாரம் அல்ல இது. உயிர்ப்பாதுகாப்புக் கூண்டு உள்ள ஆய்வகம் வேண்டும். அடுத்தது, வெளிநாட்டில் தெரிந்தவர் இருக்கிறார் என்று மண்ணையோ பூஞ்சையையோ தபாலில் அனுப்பிவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். தேசிய உயிரியல் பன்முக ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. பூஞ்சையைப் பாதுகாத்துவைக்க வேண்டுமானால் நோய்விளைவிக்கும் பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகம் சண்டிகரில் இருக்கிறது.

டி.என்.ஏ.வைப் பிரிப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன், கிட் பெட்டிக்குள் வரும் தாளிலேயே செய்முறை இருக்கும். அந்தத் தாள் சொல்லாதது இரண்டு. பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது, இறாலின் ஓட்டில் இருக்கும் அதே பொருள். பாக்டீரியாவுக்குச் செய்வது போல ஒரு திரவத்தை ஊற்றி உடைத்துவிட முடியாது. திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கல்வத்தில் இடிக்க வேண்டும், அல்லது நுண்மணிகளோடு சேர்த்து அடிக்க வேண்டும். இரண்டாவது, மதுரெல்லாவின் கறுப்புக்குக் காரணமான மெலனின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டே வந்து, டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும். பெருகிய டி.என்.ஏ. ஜெல்லில் ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். ஜெல்லில் ஒன்றும் தெரியவில்லை என்றால் டி.என்.ஏ. இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். மெலனினும் பத்து மடங்கு குறைவதால் பட்டை சட்டென்று எழும்பும். பேத்தி இதற்காக ஒரு வாரம் அழுதாள். தீர்வு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

மாதிரி எதுவும் போடாத ஒரு வெற்றுக் குழாயையும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் பட்டை வந்தால் அன்றைய வேலை மொத்தமும் வீண்.

முழு ஜீனோமுக்கு முன் ஒரு சின்ன ஜன்னல்

பூஞ்சைகளுக்கு ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி ஆதார் எண் மாதிரி. சில நூறு எழுத்துகள்தான். 2012இல் இதைப் பூஞ்சைகளின் பொது அடையாளப் பட்டையாக முன்மொழிந்தார்கள். முழு ஜீனோமுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை மட்டும் வரிசைப்படுத்தி, அதாவது எழுத்தெழுத்தாகப் படித்து, என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்க அரசுத் தளத்தில், பொதுச் சேமிப்பிலுள்ள வரிசைகளோடு ஒப்பிட்டுக் காட்டும் பிளாஸ்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு பைசா செலவில்லை.

மாமாவின் தட்டிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை முதன்முறை ஒட்டியபோது நூறு சதவீதம் பொருத்தம் வந்தது, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜருக்கு. வெங்காயத் தோலில் கறுப்பாகப் பிடிக்குமே, அது. மதுரெல்லா வளர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் காற்றில் வந்த விருந்தாளி தட்டு முழுவதும் பாயை விரித்துவிட்டது. அந்த டி.என்.ஏ.வை நேராக முழு வரிசைப்படுத்தலுக்கு அனுப்பியிருந்தால் ஆய்வேடு முழுக்க வெங்காயப் பூஞ்சையின் ஜீனோமாக இருந்திருக்கும். உறையவைத்த மணிகள் காப்பாற்றின. மணியிலிருந்து நேரடியாக எடுத்ததில் மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் வந்தது.

பிளாஸ்ட் முடிவைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வரியில் வருகிற பெயரை அப்படியே நம்பிவிடுவார்கள். பொதுச் சேமிப்பில் உள்ள வரிசைகளுக்குப் பெயர் சூட்டியது உங்களையும் என்னையும் போன்ற மனிதர்கள். தவறான பெயர்கள் நிறைய. 'டைப்' மாதிரிகளை மட்டும் காட்டச் சொல்லும் கட்டம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயரிட்டபோது எந்த மாதிரியைக் காட்டிப் பெயரிட்டார்களோ அதுதான் டைப். ஒற்றுமைச் சதவீதத்தோடு, உங்கள் வரிசையில் எவ்வளவு நீளம் பொருந்தியது என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கால்வாசி நீளத்தில் நூறு சதவீதம் பொருந்துவது பொருத்தமே அல்ல.

கிழிந்த பத்திரம்

ஜீனோம் வரிசைப்படுத்தல் என்றால் என்ன என்று பேத்தியின் அம்மா கேட்டாள். எங்கள் தரவாட்டுப் பாகப்பத்திரத்தை வைத்துச் சொன்னேன். திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரம், நாலைந்து நகல்கள் இருந்தன, எல்லாவற்றையும் கறையான் அரித்துவிட்டது. ஒரு நகலில் 'கிழக்கே வாய்க்கா' வரை இருக்கும், இன்னொன்றில் 'வாய்க்கால் முதல் தெங்கு நாலு' இருக்கும். பொதுவாக உள்ள சொல்லைப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டினால் முழு வாசகம் கிடைக்கும். கணினியும் இதைத்தான் செய்கிறது.

மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸின் ஜீனோம் முதன்முதலில் வெளியானது 2016இல், சூடான் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரி. சுமார் 3.7 கோடி எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தையும் 50 முறை படிக்க வேண்டுமென்றால் 185 கோடி எழுத்துகள் வேண்டும். இல்லுமினா கருவி 150 எழுத்துத் துண்டுகளாகத் தந்தால் சுமார் 1.23 கோடி துண்டுகள். வரிசைப்படுத்தும் நிறுவனத்திடம் விலை பேசுவதற்கு முன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுவையுங்கள். நானோபோர் போன்ற நீள்துண்டுக் கருவியில் துண்டு நீளமாக வரும், பிழையும் கொஞ்சம் கூடும்.

வந்திறங்கும் கோப்பில் ஒரு துண்டுக்கு நான்கு வரிகள். பெயர், எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, கடைசியில் ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு நம்பகம் என்பதற்கான குறிகள். தரம் 30 என்றால் ஆயிரத்தில் ஓர் எழுத்து பிழையாக இருக்கலாம். 20 என்றால் நூற்றில் ஒன்று. வீட்டில் சாதாரணக் கணினிதான் என்றால் கேலக்ஸி என்ற இலவசத் தளத்தில் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். தரம் பார்க்க ஃபாஸ்ட்கியூசி, ஒட்ட ஸ்பேட்ஸ், எல்லாம் அங்கேயே பொத்தானாக இருக்கின்றன. இரவில் ஏவிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஒட்டுவதற்கு முன் மனித எழுத்துகளை வடிகட்டுங்கள். மணியோடு மாமாவின் உயிரணுக்களும் வரும். ஒரு மனித உயிரணுவின் டி.என்.ஏ. 600 கோடி எழுத்துகளுக்கும் மேல். மதுரெல்லாவின் 160 உட்கருக்களுக்குச் சமம். கொஞ்சம் சதை ஒட்டியிருந்தாலும் நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி மனிதனைப் படித்துவிடும். பணம் போவது ஒருபுறம். அந்த எழுத்துகளில் நோயாளியின் குடும்பரகசியம் முழுக்க இருக்கிறது. பொதுத்தளத்தில் ஏற்றும் கோப்பில் அது ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

ஒட்டியது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல என்50 என்று ஓர் எண் தருவார்கள். பாகப்பத்திரத்தின் ஒட்டிய துண்டுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குங்கள். நீளங்கள் 10, 8, 6, 4, 2 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 30. பெரியதிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் பாதியான 15ஐ எந்தத் துண்டில் தாண்டுகிறோமோ அதன் நீளம் என்50. இங்கே 8. பெரிதாக இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. தவறாக ஒட்டினாலும் துண்டு நீளும். பஸ்கோ என்ற சோதனையையும் ஓட்டுங்கள். இந்தக் கூட்டத்துப் பூஞ்சை எதிலும் ஒற்றையாக இருந்தே தீர வேண்டிய மரபணுக்கள் எத்தனை கிடைத்தன என்று அது சொல்லும். 'இரட்டிப்பு' என்ற கட்டத்தில் எண் ஏறினால் இரண்டு பூஞ்சைகள் கலந்துவிட்டனவோ என்று சந்தேகப்படுங்கள். எனக்கு உடனே வெங்காயம்தான் நினைவுக்கு வரும்.

கையைப் பழக்க ஒரு பயிற்சி

சொந்தமாக எதுவும் வரிசைப்படுத்தாதவர்களும் இதை இன்று மாலையே செய்யலாம். மண்ணிலும் உரக்குழியிலும் எங்கும் இருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். உரக்குழியைக் கிளறும்போது எழும் சாம்பல்பச்சைத் தூசியில் இது நிறைய இருக்கும். உடல் எதிர்ப்பு குறைந்தவர்களின் நுரையீரலில் முளைக்கும். இதன் ஜீனோம் 2005இல் வெளிவந்தது. 8 குரோமோசோம்கள், ஏறத்தாழ 2.9 கோடி எழுத்துகள். ஃபங்கிடிபி என்ற இலவசத் தளத்தில் ஏஎஃப்293 என்ற வகையைத் தேர்ந்து, சிப்51ஏ என்ற மரபணுவைத் தேடுங்கள். பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைச் செய்யும் நொதி அது. அசோல் மருந்துகள் போய் அடைப்பது அந்த நொதியைத்தான்.

புரத வரிசையில் 98ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத ஒரு பெயர்பெற்ற வகையில் அங்கே ஹிஸ்டிடின் இருக்கும். கூடவே மரபணுவின் முன்பகுதியில் 34 எழுத்துகள் ஒருமுறை கூடுதலாகத் திரும்பி வரும். நெதர்லாந்தில் முதலில் கவனத்துக்கு வந்த இந்த வகையை இந்தியாவிலும் நோயாளிகளிடமும் மண்ணிலும் கண்டிருக்கிறார்கள்.

இப்போது டி.என்.ஏ.வில் அந்த இடத்தைத் தேடுங்கள். அங்கே மூன்று எழுத்து சேர்ந்துதான் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். லூசினை ஹிஸ்டிடினாக்க மூன்றெழுத்தின் நடுவில் டி என்ற எழுத்து ஏ ஆனால் போதும். 98ஆவது மூன்றெழுத்தின் நடு, அதாவது 293ஆம் எழுத்து என்று கணக்குப் போட்டுப் போனால் வேறெதோ இருக்கும். பேத்தி இதில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். மரபணுவின் நடுவே 71 எழுத்து இடைச்செருகல் இருக்கிறது. புரதம் செய்யும்போது அது வெட்டி எறியப்படும். 293ஓடு 71ஐக் கூட்டுங்கள், 364. அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக்கட்டுரைகளில் சிலர் 98 என்றும் சிலர் 364 என்றும் எழுதுவது இதனால்தான். இரண்டும் ஒரே மாற்றம்.

ஜீனோமிடம் என்ன கேட்பது

மருந்துக்கு அடங்குமா என்பது ஒரு கேள்வி. எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. 2011இல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரில் சூறாவளி அடித்தபோது காயம்பட்டவர்களில் 13 பேருக்கு அப்போஃபைசோமைசெஸ் என்ற மண்பூஞ்சை ஏறியது. 5 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஜீனோம்களை ஒப்பிட்டபோது நான்கு தனித்தனிக் கிளைகள் கிடைத்தன. அப்படியென்றால் மூலம் ஒன்றல்ல; காற்று வாரியடித்த மண்ணும் மரத்துண்டும் பலரின் காயத்துக்குள் தனித்தனியாகப் போயிருக்கின்றன. 2004 சுனாமியில் குளச்சலில் மணலும் முள்வேலியும் கிழித்த காயங்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று எங்களிடம் ஜீனோம் ஒன்றும் இல்லை, டெட்டனஸ் ஊசியும் அயோடினும் இருந்தன.

பூஞ்சை மண்ணில் என்ன தின்று வாழ்கிறது என்பதையும் கேட்கலாம். அமெரிக்கப் பாலைவனத்துக் காக்சிடியாய்டஸ் என்ற மண்பூஞ்சையின் ஜீனோமை 2009இல் அதன் உறவினர்களோடு ஒப்பிட்டார்கள். செடியின் சுவரைச் செரிக்கும் மரபணுக்கள் தேய்ந்துபோயிருந்தன. விலங்குப் புரதத்தைச் செரிப்பவை பெருகியிருந்தன. மண்ணில் கிடந்தாலும் அது சருகை நம்பி வாழவில்லை, செத்த பிராணியை நம்பித்தான் இருக்கிறது என்று தெரிந்தது. சமையலறையைப் பார்த்தே வீட்டில் சைவமா அசைவமா என்று சொல்லிவிடுவதில்லையா, அது போல.

ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது. ஒரே ஒரு ஜீனோமை வைத்துக்கொண்டு 'எங்கள் மாவட்டத்து மதுரெல்லா தனி வகை' என்று எழுதிவிடாதீர்கள். பேத்தி முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தாள், சிவப்பு மையில் அடித்தேன்.

மாமாவின் விளையிலும் தோட்டத்துச் சரிவிலும் எடுத்த மண்ணில் இரண்டு பொட்டலங்களில் மெல்லிய பட்டை தெரிந்தது. மறுமுறை ஓட்டியபோது ஒன்றில் மட்டும் வந்தது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கும்பப்பூ அறுவடை முடிந்து மண் காய்ந்ததும் மூன்றாம் முறை எடுக்கப் போகிறோம். இந்த முறை பென்சில் இரண்டு.

ஜீனோமைப் பொதுத்தளத்தில் ஏற்றும் வேலை போன வாரம் நடந்தது. எழுத்து வரிசையைவிடப் படிவம்தான் அதிக நேரம் பிடித்தது. தேதி, இடம், ஓம்புயிரி, மூலம் என்று கட்டங்கள். பலர் 'இந்தியா' என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி ஏற்றிய ஜீனோம் பிறகு யாருக்கும் பயன்படுவதில்லை. எந்த மண்ணோடு, எந்த வேலையோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது? ஊரின் பெயரை எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் மாவட்டத்தோடு நிறுத்தினோம். மூலம் என்ற கட்டத்தில் அவள் 'பயாப்ஸி' என்று மட்டும் தட்டியிருந்தாள்.

"அழித்துவிட்டு எழுது" என்றேன். "வலது பாதம், கறுப்பு மணி. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வெறுங்கால்."